பழைய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டுமா?

கேள்வி இதுதான். இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் ஒரு வன்வட்டில் இருக்கின்றன. படங்கள் பெரும்பாலும் ஜேபெக்; நடுநடுவே ஜிஃப், பிஎம்பி, டிஃப். ஒலிக்கோப்புகளில் எம்பி3, வேவ், கொஞ்சம் மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்ஏ. இப்போது படத்துக்கு ஏவிஐஎஃப், ஒலிக்கு ஓபஸ் என்று புதிய வடிவங்கள் வந்துவிட்டன. பழையவற்றை இன்னும் நம்பலாமா, இல்லை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். ஜேபெக்கையும் எம்பி3ஐயும் தொடவே வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திரும்ப முடியாத தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. பிஎம்பியையும் வேவையும் விரும்பினால் இழப்பில்லாத வேறு வடிவத்துக்கு மாற்றலாம். இடம் மிச்சமாகும், தரம் குறையாது. டபிள்யூஎம்ஏ கோப்புகளை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

ஜேபெக் 1992இல் தரமாக வெளிவந்தது. அதற்கு அடித்தளமான கணக்கு இன்னும் பழையது: நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றம். படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் சாயல் எவ்வளவு, சட்டென்று மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று பிரித்து எண்களாக எழுதுகிறது. பிறகு நுணுக்கத்தைக் குறிக்கும் எண்களைப் பெரிய எண்ணால் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிடுகிறது. பெரும்பாலானவை பூஜ்ஜியமாகிவிடும், பூஜ்ஜியங்களின் வரிசையைச் சுருக்கி எழுதுவது எளிது. 4000க்கு 3000 பிக்சல் உள்ள படம் சுருக்காமல் இருந்தால் 36 மெகாபைட். நல்ல தரமுள்ள ஜேபெக்கில் அது நான்கைந்து மெகாபைட்டில் அடங்குவது இப்படித்தான்.

தள்ளிவிட்ட பின்னங்கள் எங்கே போயின என்று கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிய கடிதம் ஒன்றை ஸ்கேன் செய்து, ஜேபெக்காகச் சேமித்து, எட்டு மடங்கு பெரிதாக்குங்கள். எழுத்தின் விளிம்பைச் சுற்றி, வெறும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், சாம்பலைத் தூவியது போல ஒரு கலங்கல் தெரியும். அது படிப்படியாக மறையாது. ஓரிடத்தில் அளவுகோல் வைத்து வெட்டியது போல நிற்கும். அதற்கப்பால் தூய வெள்ளை. எழுத்து தொட்ட கட்டங்கள் எல்லாம் அழுக்காகவும், தொடாதவை துப்புரவாகவும் இருக்கும். பிக்சலை எண்ணிப் பாருங்கள், கட்டத்துக்கு எட்டு என்று கணக்கு சரியாக வரும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் இன்னும் மோசம். பல ஜேபெக் கோப்புகள் வெளிச்சத்தை வைத்திருக்கும் நுணுக்கத்தில் கால்பங்குதான் நிறத்துக்குக் கொடுக்கின்றன. சிவப்பு வழிந்து நீலத்தில் கலந்துவிடும். முகம், மரம், மேகம் ஆகியவற்றில் இதே குறைகள் இருந்தும் கண் கண்டுபிடிப்பதில்லை. ஒளிப்படத்துக்கு ஜேபெக் இன்றைக்கும் போதும். எழுத்து, கோட்டுப்படம், திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஆகியவற்றுக்கு பிஎன்ஜி என்ற இழப்பில்லாத வடிவம்தான் சரி.

அந்தக் கலங்கிய கடிதத்தை இப்போது வேறோர் இழப்புள்ள வடிவத்துக்கு, அதாவது இப்படிச் சிலவற்றைத் தள்ளிவிட்டுச் சுருக்கும் வடிவத்துக்கு, மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாற்றும் நிரலுக்குச் சாம்பல் எது, மை எது என்று தெரியாது. கலங்கலையும் படத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு அதைக் காப்பாற்ற பைட்டுகளைச் செலவழிக்கும். தன் பங்குக்கு வேறு சிலவற்றை மழுப்பும். கோப்பின் அளவு குறைந்ததைப் பார்த்து மனம் மகிழும். ஆனால் பழைய இழப்பின் மேல் புதிய இழப்பு ஏறியிருக்கும். கறந்த பால் மடி ஏறாது. ஜேபெக்கை டிஃப் ஆகவோ எம்பி3ஐ வேவாகவோ மாற்றினாலும் போனது திரும்பாது. கோப்பு மட்டும் பல மடங்கு பெருக்கும். "வேவ் ஆக்கிவிட்டேன், இனித் தரம் கூடிவிட்டது" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கூடவில்லை.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பேச்சை மணிக்கணக்கில் வேவ் கோப்புகளாகப் பதிவு செய்தேன். வட்டில் இடம் போதவில்லை. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்பி3 ஆக்கிக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வேவ் கோப்புகளை அழித்தேன். அவர் மறைந்த பிறகு, பேச்சின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் இரைச்சலை நீக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரைச்சல் நீக்கும் நிரல், அந்த இரைச்சல் ஒரே சீராக இருக்கும் என்று நம்பி வேலை செய்கிறது. எம்பி3 செய்வதோ நேர்மாறு: பேச்சு உரக்க இருக்கும் நொடித்துளியில் விசிறியின் ஓசையைக் கைவிடும், பேச்சு தணியும்போது கொஞ்சம் திரும்பக் கொண்டுவரும். விளைவாக, விசிறி போன இடத்தில் தண்ணீருக்கடியில் சலங்கை குலுங்குவது போன்ற ஒரு கிணுகிணுப்பு வந்து அமர்ந்தது. 'ச' என்ற ஒலி வரும் இடமெல்லாம் அதோடு கரைந்து போயிற்று. எத்தனை விதமாக முயன்றும் சரியாகவில்லை. கேட்பதற்குக் குறையில்லாத கோப்பு, திருத்துவதற்கு உதவாத கோப்பாக இருந்தது. இன்றும் அந்தக் குரலை விசிறிச் சத்தத்தோடுதான் கேட்கிறேன்.

அதற்காக எம்பி3 மேல் பழிபோட மாட்டேன். மூலத்தை அழித்தது நான். எம்பி3 தன் வேலையை மிக நன்றாகவே செய்கிறது. ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் முன்னின்று உருவாக்கிய முறை அது. 1995 ஜூலையில்தான் அந்தக் கோப்புகளுக்கு எம்பி3 என்ற பின்னொட்டு வைக்கப்பட்டது. உரத்த ஒலி ஒன்று, அதன் அருகிலுள்ள சுருதியில் ஒலிக்கும் மெல்லிய ஒலியைக் காதுக்கு மறைத்துவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. மறையக்கூடியதை முதலில் விட்டுவிடுகிறது. சராசரிக் காதுக்கு, 192 கிலோபிட்டுக்கு மேல் நல்ல நிரலால் எழுதப்பட்ட எம்பி3ஐ மூலத்திலிருந்து பிரித்தறிவது கடினம். குறை தெரிய வேண்டுமென்றால் 128 கிலோபிட்டில் ஒற்றைக் கைதட்டலைக் கேளுங்கள்: தட்டுக்கு ஒரு கணம் முன்பே 'ஸ்' என்று ஓர் ஓசை கசியும். ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குவதால், துண்டின் நடுவே வெடித்த ஒலியின் பிழை துண்டு முழுவதும், அதாவது வெடிப்பதற்கு முன்னும், பரவிவிடுகிறது.

"நல்ல நிரலால் எழுதப்பட்ட" என்று சொன்னேன். இந்த ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வடிவம் என்பது கோப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்ற விதி. எதை வைத்து எதை விடுவது என்பதைத் தீர்மானிப்பது எழுதும் நிரல். 1998இல் தொடங்கிய லேம் என்ற எம்பி3 நிரல் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டது. தொடக்ககால நிரல்கள் 128 கிலோபிட்டில் எழுதியதற்கும் அது எழுதுவதற்கும் வேறுபாடு காதுக்கே தெரியும். ஜேபெக்கிலும் இதுவே நடந்தது. 2014இல் மோஸ்ஜேபெக், 2024இல் ஜேபெக்லி என்று புதிய நிரல்கள் வந்து, அதே பழைய விதிக்குள் அதே தரத்தைக் கணிசமாகக் குறைந்த அளவில் எழுதுகின்றன. அவை எழுதும் கோப்பை 1990களின் மென்பொருளும் திறக்கும். முப்பது வயது வடிவம் தேங்கிக் கிடக்கிறது என்ற எண்ணம் தவறு.

வயதைவிட நான் அஞ்சுவது பூட்டை. ஒரு வடிவத்தின் விதி எல்லோருக்கும் தெரிந்ததா, அதைப் படிக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் எழுதலாமா என்று முதலில் பாருங்கள். ஜிஃப்பின் கதை இதற்கு நல்ல பாடம். 1987இல் காம்ப்யூசெர்வ் நிறுவனம் அதை வெளியிட்டது. உள்ளே இருந்த எல்இசட்டபிள்யூ என்ற சுருக்க முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. பல ஆண்டுகள் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்திய பிறகு, 1994 இறுதியில் ஜிஃப் எழுதும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி. இணையம் வழியாகக் கூடிய நிரலாளர்கள் 1995இல் வடிவமைத்தார்கள். 1996 அக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதைத் தன் பரிந்துரையாக ஏற்றது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003இல் முடிந்தது. அதற்குள் அசையாப் படங்களில் ஜிஃப்பின் இடத்தை எடுக்க பிஎன்ஜி வந்துவிட்டது. 256 நிறங்கள் மட்டுமே கொண்ட ஜிஃப்பில் புதிதாக எதையும் சேமிக்கக் காரணமில்லை. அசையும் துணுக்குக்குக்கூடச் சிறு காணொளிக் கோப்பு அதைவிடப் பல மடங்கு சிறியது. ஏற்கெனவே இருக்கும் ஜிஃப்களை அப்படியே விடுங்கள், எங்கும் திறக்கும். பிஎன்ஜி இன்னும் வளர்கிறது: 2025 ஜூனில் அதன் மூன்றாம் பதிப்பு வந்து, அசையும் படத்தையும் உயர் ஒளி வீச்சையும் (எச்டிஆர்) தரத்துக்குள் சேர்த்தது.

எம்பி3க்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. 2017 ஏப்ரலில் அதன் உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தபோது "எம்பி3 இறந்துவிட்டது" என்று பல செய்திகள் எழுதின. நடந்தது அதற்கு நேர் எதிர்: காப்புரிமைகள் காலாவதியாகி, யாரிடமும் கேட்காமல் யாரும் பயன்படுத்தக்கூடியதாக அன்றுதான் எம்பி3 மாறியது.

பூட்டிய வடிவங்களின் கதி வேறு. 1992இல் வந்த கோடாக்கின் ஃபோட்டோ சிடி வடிவத்தைப் பாருங்கள். அக்காலத்தில் அதில் ஸ்கேன் செய்த படங்கள் மிக நல்ல தரம். ஆனால் விதியை நிறுவனம் முழுதாக வெளியிடவில்லை, ஆதரவும் நின்றுபோனது, பிறர் தாமே ஆராய்ந்து எழுதிய கருவிகளை நம்பித்தான் இன்று அவற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது. ரியல் ஆடியோ, டபிள்யூஎம்ஏ ஆகியவற்றையும் அப்படி ஆராய்ந்து எழுதியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி இவற்றில் பெரும்பாலானவற்றைப் படிக்கிறது. உரிமம் உள்ள கணினியில் மட்டும் திறக்கும்படி பூட்டு போட்ட டபிள்யூஎம்ஏவை மட்டும் அதுவும் படிக்காது. அந்தப் பூட்டின் சாவி பழைய கணினியோடு போயிருக்கும். இந்த வாரமே பாருங்கள் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

புதிய வடிவங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐபோன்கள் 2017இல் ஐஓஎஸ் 11 முதல் எடுக்கும் எச்இஐசி படம், ஜேபெக்கைவிட ஏறக்குறையப் பாதி அளவில் அதே தரம் தரும். ஆனால் உள்ளே இருக்கும் எச்இவிசி என்ற காணொளிச் சுருக்க முறையின் காப்புரிமை பல கைகளில் சிதறிக் கிடப்பதால், எல்லா இடத்திலும் அது திறப்பதில்லை. தொலைபேசி எடுத்த மூலம் அதுவானால் அப்படியே வையுங்கள். பிறருக்கு அனுப்பும்போது ஜேபெக் பிரதி கொடுங்கள். கட்டணமில்லாத ஏவி1 என்ற காணொளிச் சுருக்க முறையின் மேல் எழுந்த ஏவிஐஎஃப், இணையப் பக்கங்களுக்கு மிக நல்லது. கூகுளின் பட வடிவமான வெப்பி 2010இல் வந்தது. சஃபாரி உலாவி அதைத் திறக்க 2020 ஆயிற்று. பத்து ஆண்டுகள்! இணையத்தில் அது பரவலாகிவிட்டாலும், சேமித்து வைக்க நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்: படத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் 16,383 பிக்சல்தான் எல்லை, இழப்புள்ள வெப்பியில் நிறத்துக்கு எப்போதும் கால்பங்கு நுணுக்கம்தான்.

எனக்கு ஆசை இருப்பது ஜேபெக் எக்ஸ்எல் மேல். இருக்கும் ஜேபெக் கோப்பை, அதன் எண்கள் ஒன்றுகூட மாறாமல், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக்கி வைத்துக்கொள்ளும். வேண்டும்போது பழைய ஜேபெக்கை பைட்டுக்கு பைட் அப்படியே திருப்பித் தரும். பழைய படங்களுக்காக ஒருவர் அக்கறையோடு யோசித்த ஒரே புதிய வடிவம் என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் குரோம் உலாவி தன் சோதனை ஆதரவை 2023 தொடக்கத்தில் எடுத்துவிட்டது. அதே ஆண்டில் சஃபாரி சேர்த்துக்கொண்டது. எங்கும் தயக்கமின்றித் திறக்கும் நிலைக்கு அது வரும்வரை, இருக்கும் ஒரே பிரதியை அதற்கு மாற்றாதீர்கள்.

ஒலியில் புதியவற்றுள் ஓபஸ் சிறந்தது. 2012இல் திறந்த தரமாக வந்தது. 32 கிலோபிட்டில் பேச்சை அது எழுதும் தெளிவை எம்பி3 நெருங்கவே முடியாது. இனிமேல் எழுதப் போகும் பேச்சுப் பதிவுகளின் கேட்கும் பிரதிக்கு ஓபஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பழைய கருவியிலும் ஓட வேண்டுமென்றால் எம்பி3. ஒன்றோடொன்று தொடர்ந்து ஓடும் கச்சேரிப் பதிவைத் துண்டுகளாக எம்பி3யில் வைத்தால், இணைப்பில் ஒரு சிறு விக்கல் கேட்கலாம். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் எம்பி3 கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். எத்தனை மாதிரிகளை (ஒலியை அளந்து எழுதிய எண்களை) விலக்க வேண்டும் என்று லேம் கோப்பிலேயே எழுதிவைக்கிறது, ஆனால் பாட்டை ஓட்டும் எல்லா மென்பொருள்களும் அதைப் பார்ப்பதில்லை.

மூலத்துக்கு வேவ் அல்லது ஃப்ளாக். வேவ் 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்தது. தலைப்பில் சில பைட்டுகள், பிறகு எண்கள் வரிசையாக, அவ்வளவுதான். இதைவிட எளிய வடிவம் கிடையாது. குறுந்தகட்டுத் தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10.6 மெகாபைட். கோப்பின் அளவை 32 பிட் எண்ணில் எழுதுவதால் 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத்தடத்தில் பதிவு செய்தால் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் அந்தச் சுவர் வந்துவிடும். நீண்ட நிகழ்ச்சிகளைப் பதிவு செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஃப்ளாக் 2001இல் வந்தது, 2024 டிசம்பரில் இணையத் தர ஆவணமாகவும் ஆகிவிட்டது. வேவில் உள்ள எண்களையே பெரும்பாலும் பாதி முதல் முக்கால்பங்கு இடத்துக்குள் வைக்கிறது. அதில் எனக்கு மிகப் பிடித்த குணம், மூல ஒலியின் கைரேகையை, அதாவது எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணை, தலைப்பிலேயே எழுதிவைப்பது. இருபது ஆண்டுகள் கழித்தும் "இதில் ஒரு மாதிரிகூட மாறவில்லை" என்று கோப்பே சாட்சி சொல்லும். வேவுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு எச்சரிக்கைகள்: 32 பிட் மிதவைப்புள்ளியில் (முழு எண்ணாக அல்லாமல் தசம எண்ணாக) பதிவான வேவை ஃப்ளாக் அப்படியே ஏற்காது, அதை வேவாகவே வையுங்கள், வேவுக்குள் ஒலிக்கு அப்பால் நேரக்குறிப்பு போன்ற பகுதிகள் இருந்தால், அவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லி மாற்ற வேண்டும்.

பிஎம்பிக்கு இன்று தனிப் பயன் இல்லை, பிஎன்ஜி ஆக்கிவிடுங்கள். டிஃப் 1986இல் பிறந்தும் ஆவணக் காப்பகங்களில் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. அது உங்களிடம் இருந்தால் பெருமையோடு வைத்துக்கொள்ளுங்கள். டிஃப் ஒரு பெட்டி போன்றது, உள்ளே பலவகைச் சுருக்கம் இருக்கலாம் என்பதால், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அதைத் திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வட்டில் ஒரு பைட் கெட்டுப்போனால் என்ன ஆகும்? பிஎம்பியில் ஒரு புள்ளி நிறம் மாறும். வேவில் 'டக்' என்று ஒரு சொடுக்கு. எம்பி3யில் பெரும்பாலும் ஓரிரண்டு துண்டுகள் கெடும், துண்டு ஒன்று சுமார் 26 மில்லிநொடி. அதற்குப் பிறகு பாட்டு தொடரும். சாதாரண ஜேபெக்கிலோ ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு வேறுபாடு என்றே எழுதப்பட்டிருப்பதால், கெட்ட இடத்திலிருந்து கீழே படம் முழுவதும் நகர்ந்து, ஊதாவும் பச்சையுமாகப் பாழாகலாம். மிகுந்த சுருக்கம் என்றால் ஒவ்வொரு பைட்டின் மேலும் மிகுந்த பாரம். அதனால் எந்த வடிவமானாலும் மூன்று பிரதிகள் வையுங்கள், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் முழு வட்டையும் வேறொன்றில் பிரதி எடுங்கள். பிறகு பிஎம்பிகளை பிஎன்ஜி ஆக்கி, சிலவற்றைத் திறந்து ஒப்பிடுங்கள். வேவ்களை ஃப்ளாக் ஆக்கி, அந்தக் கருவியிலேயே உள்ள சோதனைக் கட்டளையை எல்லாக் கோப்புகள் மேலும் ஓட்டிய பிறகே பழையதை அழியுங்கள். ஜேபெக் படங்களைத் திருப்ப வேண்டுமென்றால் மறுபடி சேமிக்கும் செயலியில் திருப்பாதீர்கள். இழப்பின்றிச் சுழற்றும் கருவிகள் உண்டு. டபிள்யூஎம்ஏ திறந்தால் அதை ஃப்ளாக் ஆக்கி இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்; இடம் கூடும், ஆனால் புதிய இழப்பு எதுவும் சேராது. திறக்காமல் உரிமம் கேட்டால், அந்தப் பாட்டை எந்தக் குறுந்தகட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தகடு வீட்டில் எங்காவது ஒரு பெட்டியில் இருக்கக்கூடும். கீறல் விழாமல் இருந்தால், அதிலிருந்தே இந்த முறை நேராக ஃப்ளாக் எடுத்துவிடுங்கள்.